‘இரண்டு வருடத்தில்’ என்றார்கள். எட்டு வருடம் ஆகிவிட்டது

வாசகர் கடிதத்தின் சுருக்கம்

எழுதியிருப்பவர் 37 வயதுப் பெண். திருமணம் ஆகவில்லை. பெற்றோருடன் வசிக்கிறார், பொறுப்பான வேலையில் இருக்கிறார். எட்டு வருடங்களுக்கு முன் ஓர் உபவாச ஜெபத்தில், பிரசங்கம் செய்ய வந்திருந்த சபை ஊழியர் ஒருவர் இவர் தலைமேல் கைவைத்து, “இரண்டு வருடத்துக்குள் கர்த்தர் உனக்கு ஒரு குடும்பத்தைக் கட்டிக் கொடுப்பார்” என்று தீர்க்கதரிசனம் சொன்னார். வீட்டில் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அன்றிலிருந்து பைபிளின் எரேமியா 29:11 வசனம் சட்டம் போட்டு இவருடைய கட்டிலுக்கு எதிரே தொங்குகிறது. இரண்டு வருடம் போயிற்று, நான்கும் போயிற்று. இதற்குள் தங்கைக்குத் திருமணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது. ஜெபக்குழுவில் மூத்த சகோதரி ஒருவர், “மறைவான பாவம் ஏதாவது தடையாக இருக்கிறதா என்று ஆராய்ந்து பார்” என்று சொல்லியிருக்கிறார். ஆராதனையில் இவர் இப்போது கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்காருகிறார். கடவுளிடம் பெற்ற நன்மைகளை எல்லோர் முன்பாகவும் எழுந்து சாட்சி சொல்லும் நேரம் வருவதற்குள் வெளியே போய்விட அதுதான் வசதி.

வேறு ஊரில் பதவி உயர்வு இரண்டு முறை வந்தது. “அங்கே போய்விட்டால் வரன் எப்படி அமையும்? விசுவாசத்தையே விட்டுவிட்டாயா?” என்று அம்மா கேட்டதால் இரண்டையும் வேண்டாம் என்றார். மூன்றாவது முறையாக இப்போது வந்திருக்கிறது. மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். இதே சமயத்தில் சபை மூப்பர் ஒருவர் மூலம் 42 வயதுக்காரர் ஒருவரின் சம்பந்தமும் வந்திருக்கிறது. அவருக்கு இது இரண்டாவது திருமணம். முதல் திருமணத்தைப் பற்றிக் கேட்டால் “அது முடிந்துபோன கதை” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். ஆறு வாரத்துக்குள் திருமணம் நடக்க வேண்டும், அதற்குமுன் வேலையை விட்டுவிட வேண்டும் என்கிறார். ‘கொஞ்சம் பேசிவிட்டு முடிவு செய்யலாமே’ என்று இவர் சொன்னதற்கு இரண்டு நாள் தொலைபேசியையே எடுக்கவில்லை. மூப்பரோ, “எட்டு வருட ஜெபத்துக்குப் பதில் வாசலில் வந்து நிற்கிறது, கதவைச் சாத்தாதே” என்கிறார்.

இரண்டு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை என்று எழுதுகிறார். காத்திருப்பதை விட்டுவிடலாமா, இந்த வரனை மறுத்தால் அவிசுவாசமா, வேலையை ஏற்றால் அவிசுவாசமா என்பவை கேள்விகள். கடிதத்தின் கடைசி வரி இது: “சில இரவுகளில், காலையில் எழும்பாமலே போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றுகிறது. இது பாவம் என்று தெரியும், மன்னியுங்கள்.”

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருக்கும் மூன்று கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன் அந்தக் கடைசி வரி. அப்படித் தோன்றுவதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை. வேதத்தில் வரும் எலியா தீர்க்கதரிசிக்கும் அப்படித் தோன்றியது. தோன்றியதை அவர் கடவுளிடமே சொல்லிவிட்டார். “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்று சூரைச்செடியின் கீழே படுத்துத் தூங்கிவிட்டார் (1 இராஜாக்கள் 19). வந்த தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை, விசுவாசத்தைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறை தட்டி எழுப்பியதும் சாப்பிடச் சொல்லத்தான். “இங்கே உனக்கு என்ன காரியம்?” என்று கடவுள் அவரை விசாரித்தது அதற்கும் நாற்பது நாள் கழித்து. முதலில் உடம்பு, அப்புறம்தான் பேச்சு. இந்த வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன். உங்கள் விஷயத்திலும் அதே வரிசையில் போகலாம்.

நீங்கள் எழுதியிருப்பதை ஆலோசகராகப் படிக்கும்போது ஒரு படம் தெரிகிறது. மனத்தளர்ச்சியோ எதிலும் ஈடுபாடின்மையோ அநேகமாகத் தினமும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, கூடவே தூக்கம், பசி, கவனம் எல்லாம் கெட்டிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வழக்கத்துக்கு மிகவும் முன்னதாக விழித்துக்கொண்டு மீண்டும் தூக்கம் பிடிக்காமல் தவிப்பது அதன் நன்கு தெரிந்த அடையாளங்களில் ஒன்று. உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிறது. ஒரு கடிதத்தை வைத்து நோயின் பெயரை நான் உறுதியாகச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைவு, இரத்தசோகை போன்றவையும் இதேபோல் ஆளைச் சோர்ந்துபோக வைக்கும் என்பதால் அவர் இரத்தப் பரிசோதனை எழுதலாம். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்தால், அது வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் பிடிக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு தொடருங்கள். நான்கு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதுவரை உபவாசம் வேண்டாம். சாப்பாடே இறங்காத ஒருவர் உபவாசம் இருப்பதில் எந்தப் பக்தியும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த எண்ணத்தை இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம், உங்கள் தங்கையிடமோ ஒரு தோழியிடமோ, நேராகச் சொல்லுங்கள். ‘எழும்பாமல் போனால் நல்லது’ என்பது ‘நானே ஏதாவது செய்துகொள்ளலாமா’ என்று திசை மாறினால், ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்காதீர்கள். வீட்டில் யாரையாவது எழுப்பி, நேரம் எதுவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அந்த இரண்டு வருடக் கணக்கு

ஊழியர்கள் தேதி சொல்வது எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம். சொன்னவர் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடுகிறார். நாட்காட்டியோடு உட்கார்ந்திருப்பவர் கேட்டவர்தான். தேதி தவறிப்போனால் கணக்கும் கேட்டவர் பெயரில்தான் எழுதப்படுகிறது: உன் விசுவாசம் போதவில்லை, உன்னிடம் ஏதோ தடை. உங்களுக்கு நடந்தது இதுதான்.

வேதம் இதை எப்படிப் பார்க்கிறது? ஒருவர் கர்த்தரின் பெயரால் சொன்னது நிறைவேறாமல் போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, சொன்னவர் அதைத் துணிகரத்தினால் சொன்னார், அவருக்கு நீ பயப்பட வேண்டாம் என்கிறது உபாகமம் 18:22. ‘கேட்டவளிடம் குறை தேடு’ என்று அங்கே ஒரு வரியும் இல்லை. பவுலும் தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதிருங்கள் என்று சொன்ன கையோடு, எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்றார் (1 தெசலோனிக்கேயர் 5:20, 21). அந்த ஊழியர் உங்களை ஏமாற்ற வந்தவர் என்று நான் சொல்லவில்லை. உங்கள் முகத்தில் இருந்த ஏக்கத்தைப் பார்த்து, தன் ஆசையைக் கடவுளின் வாக்காகச் சொல்லியிருக்கலாம். அவர் எண்ணம் எப்படி இருந்தாலும், நிறைவேறாத அந்த இரண்டு வருடத்தை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. இறக்கி வைத்துவிடலாம்.

உங்கள் சுவரில் எரேமியா இருப்பதால் ஒன்றைக் கேட்கிறேன். 29ஆம் அதிகாரத்துக்கு முந்தின அதிகாரத்தைப் படித்திருக்கிறீர்களா? அங்கே அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக நின்று, பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துக் கொண்டுபோகப்பட்ட தங்கள் ஜனங்கள் இரண்டு வருடத்தில் திரும்பி வந்துவிடுவார்கள் என்று அறிவிக்கிறார். அதே இரண்டு வருடம்! எரேமியா உடனே சண்டைக்குப் போகவில்லை. “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்றார் (28:6). அவருக்கும் அதுதான் ஆசை. ஆனால் ஆசைப்பட்டதையெல்லாம் கடவுள் சொன்னதாக எடுத்துக்கொள்ள அவர் தயாராக இல்லை. பிறகு அவர் சிறைப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் உள்ள கணக்கு 70 வருடம்.

சுவரில் இல்லாத வசனங்கள்

நீங்கள் எட்டு வருடமாகக் காலையில் கண் விழித்துப் பார்க்கும் 29:11 அந்தக் கடிதத்தில்தான் வருகிறது. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற அந்த வரிக்கு ஒரு வசனம் முன்னால், 70 வருடம் நிறைவேறின பின்பு என்று இருக்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்த பெரியவர்களில் பலர் திரும்பி வரும் நாளைப் பார்த்திருக்க முடியாது. அது அவர்களுக்கும் தெரிந்திருக்கும். அப்படியானால் அந்த வருடங்களை என்ன செய்வது? அதற்குப் பதில் 5ஆம் வசனத்திலிருந்து இருக்கிறது: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருங்கள் என்று எழுதவில்லை.

‘என் வீட்டுக்கு’ என்று வாங்கிய படுக்கை விரிப்புகள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் இருப்பதாகவும், நைந்துபோன பழைய விரிப்பிலேயே படுப்பதாகவும் ஓரிடத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் உங்கள் எட்டு வருடமும் இருக்கிறது. நல்லது எதையும் தொடக்கூடாது, திருமணத்துக்குப் பிறகுதான் வாழ்க்கை என்று வைத்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் இதற்கு விசுவாசம் என்று பெயர். எரேமியாவின் கடிதத்தை முழுதாகப் படித்தால் அந்தப் பெயர் பொருந்தவில்லை.

எரேமியாவின் சொந்த வாழ்க்கையையும் பாருங்கள். ‘நீ பெண்ணை விவாகம்பண்ண வேண்டாம்’ என்று கட்டளை பெற்றவர் அவர் (16:2). இது உங்களுக்கான கட்டளை என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு மட்டும், அந்தக் காலத்தின் அடையாளமாகச் சொல்லப்பட்டது. நான் சொல்ல வருவது வேறு. உங்கள் சுவரில் இருக்கும் அந்த வசனம் மனைவி, மக்கள் என்று யாரும் வாய்க்காத ஒருவருடைய கை வழியாக வந்தது. அவர் பின்னால் எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார். திரும்பி வந்ததாக வேதத்தில் இல்லை. ஆனால் நம்பிக்கை என்றால் என்ன என்பதை அவர் செய்துகாட்டிய விதம் 32ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

எருசலேமைப் பாபிலோன் சேனை முற்றுகையிட்டிருக்கிறது, இவர் காவல்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் உறவினன் ஒருவன் வந்து ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரி ராணுவத்தின் கைக்குப் போகப்போகிற நிலம், யாராவது வாங்குவார்களா? எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார், பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரையிட்டு, சாட்சிகளை வைத்து, அது நெடுநாள் கெடாமல் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்தத் தேசத்தில் வீடும் நிலமும் மறுபடி வாங்கப்படும் என்பதற்கு அது அடையாளம். எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. எல்லாம் முடிந்த பிறகு அவர் ஜெபத்தில் கடவுளிடமே கேட்கிறார்: நகரம் கைவிட்டுப் போகிறது, நீர் என்னை நிலம் வாங்கச் சொல்கிறீரே? குழப்பம் தீரவில்லை. ஆனால் பத்திரம் பதிவாகிவிட்டது. குழப்பத்தோடேயே செய்ய வேண்டியதைச் செய்தார்.

ஆகவே வேலையைப் பற்றி நேராகச் சொல்கிறேன். அந்தப் பதவியை ஏற்பது அவிசுவாசம் ஆகாது. அது உங்களுக்கு நல்லதா என்பது தனிக் கேள்வி. அந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா, பெற்றோரின் உடல்நிலை எப்படி, புது ஊரில் ஒரு சபையும் தெரிந்த முகங்கள் இரண்டும் கிடைக்குமா, சிகிச்சையைத் தொடர முடியுமா என்று பாருங்கள். இப்போதைய மனநிலையில் முன்பின் தெரியாத ஊருக்குத் தனியாகப் போவதில் ஆபத்து உண்டு என்பதையும் மறைக்க மாட்டேன். பணியில் சேரும் தேதியை இரண்டு மூன்று மாதம் தள்ளிக் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை, பல நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளும். ‘அங்கே போனால் வரன் அமையாது’ என்ற அம்மாவின் கணக்குக்கு மட்டும் இந்த முறை இடம் கொடுக்காதீர்கள். இங்கேயே இருந்து பார்த்ததும் எட்டு வருடம் ஆயிற்றே.

மறைவான பாவம்

இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. சகரியாவும் எலிசபெத்தும் குற்றமற்றவர்களாய் நடந்து தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்களாயிருந்தார்கள் என்று எழுதிவிட்டு, அடுத்த வசனத்தில் அவர்களுக்குப் பிள்ளையில்லை என்கிறார் லூக்கா (1:6, 7). இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது தற்செயலாக இருக்காது. பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது யார் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று இயேசு அந்தக் கேள்வியையே மூடிவிட்டார் (யோவான் 9:3). மனச்சாட்சி குறிப்பாக ஒன்றைக் காட்டினால் அறிக்கை செய்யுங்கள், மன்னிப்பு உண்டு. ஒன்றும் காட்டாதபோது இருபது வருடத்துப் பழைய நினைவுகளைக் கிளறிக் கிளறிப் பாவம் தேடுவதை நிறுத்திவிடுங்கள். சோர்ந்திருக்கும் மனம் தேடினால் எதையாவது கண்டுபிடித்துக்கொண்டேதான் இருக்கும்.

வாசலில் நிற்கும் சம்பந்தம்

மூப்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அவர் சொன்னதை ஆதியாகமம் 24இல் வைத்துப் பார்த்தேன். ஈசாக்குக்குப் பெண் தேடி வந்த ஊழியக்காரன் எல்லாவற்றையும் விவரித்த பிறகு ரெபெக்காளின் வீட்டார், “இந்தக் காரியம் கர்த்தரால் வந்தது” என்று ஒப்புக்கொள்கிறார்கள். அத்தோடு விட்டார்களா? மறுநாள் பெண்ணை அழைத்து, “நீ இந்த மனிதனோடேகூடப் போகிறாயா?” என்று கேட்டார்கள் (24:58). கர்த்தரால் வந்தது என்று குடும்பமே நம்பியபோதும் அவளுடைய சம்மதம் தனியாகக் கேட்கப்பட்டது. உங்களுடையதும் கேட்கப்பட வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொல்லவும், ‘இன்னும் தெரிய வேண்டும்’ என்று சொல்லவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்கு யாருக்கும் நீங்கள் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

மறுமணம் என்பதாலேயே இதை ஒதுக்கச் சொல்லமாட்டேன். நல்ல மறுமணங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என்னை உறுத்துவது மூன்று விஷயங்கள் சேர்ந்து வந்திருப்பது: பழைய கதையை மறைப்பது, அவசரப்படுத்துவது, கேள்வி கேட்டதற்குப் பேசாமல் இருந்து தண்டிப்பது. தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிவிடலாம். மூன்றும் சேரும்போது, அதோடு உங்கள் சொந்த வருமானத்தையும் விடச் சொல்லும்போது, நான் எச்சரிக்கையாகிவிடுவேன். திருமணத்துக்குப் பின் ஏதாவது தவறாகப் போனால் நீங்கள் நிற்க இருக்கிற தரையே அந்த வேலைதான்.

எனவே உடனே மறுக்கவும் வேண்டாம், தலையாட்டவும் வேண்டாம். மூப்பர் வழியாகவோ அப்பா வழியாகவோ தெளிவாகக் கேளுங்கள். முதல் திருமணம் எப்படி முடிந்தது? விவாகரத்து என்றால் நீதிமன்றத் தீர்ப்பின் நகல், மனைவி இறந்துவிட்டார் என்றால் இறப்புச் சான்றிதழ். இது சந்தேகப் புத்தி என்று யாராவது சொன்னால் பொருட்படுத்தாதீர்கள். ஒருதார மணமே சட்டமாக உள்ள இடங்களில், முதல் திருமணம் முறைப்படி முடியாத நிலையில் செய்யும் இரண்டாவது திருமணம் செல்லாது. நஷ்டம் முழுவதும் உங்களுக்கு. முதல் திருமணத்தில் பிள்ளைகள் இருக்கிறார்களா, அவர்கள் பொறுப்பு யாருடையது? முன்பு அவர் இருந்த சபையின் போதகரிடம் அப்பா நேரில் பேச முடியுமா? வேலையை ஏன் விட வேண்டும்? கடன் ஏதேனும் உண்டா? இவற்றுக்குப் பதில் கிடைத்து, பலமுறை நேரில் பேசிப் பார்த்து, அவர் எரிச்சல்படும்போது எப்படி நடந்துகொள்கிறார் என்பதையும் கண்ட பிறகு யோசிக்கலாம். நேர்மையானவராக இருந்தால் இந்தக் கேள்விகள் அவரை விரட்டாது. சொல்லப்போனால், தன் கதையைச் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்தது என்று நிம்மதிகூடப் படுவார். ஆறு வாரக் கெடுவை மட்டும் ஏற்காதீர்கள். சிகிச்சை தொடங்கி உங்கள் தூக்கம் திரும்பும் வரையில் எந்தத் தேதியும் குறிக்க வேண்டாம். ‘இதுவும் போய்விட்டால் இனி யாருமே வரமாட்டார்கள்’ என்று மூன்று மணி இருட்டில் தோன்றுவதை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

ஜெபம் வராத நாட்களில்

சாட்சி நேரத்தில் வெளியே போய்விடுவதைக் குற்றமாக எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்குப் போய்க்கொள்ளுங்கள். சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள் என்ற வசனத்தின் மறுபாதி, அழுகிறவர்களுடனே அழுங்கள் என்பது (ரோமர் 12:15). உங்கள் சபை முதல் பாதியை உங்களிடம் எதிர்பார்த்துவிட்டு, இரண்டாவது பாதியை உங்களுக்குச் செய்ய மறந்துவிட்டது. காத்திருந்து கிடைத்தவர்களுக்கு ஒலிபெருக்கி கொடுக்கிறோம். இன்னும் காத்திருப்பவர்களுக்குக் கதவோரத்து நாற்காலிதான். போதகர்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் யோசிக்கட்டும்.

கடவுள்மேல் கோபமாக இருப்பதாகவும், அதைச் சொல்லப் பயமாக இருப்பதாகவும் எழுதுகிறீர்கள். 13ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். முதல் இரண்டு வசனத்துக்குள் ‘எதுவரைக்கும்’ என்று நான்கு முறை கேட்கிறார் தாவீது. அது கடைசியில் துதியாக முடிகிறது என்றால், 88ஆம் சங்கீதம் அப்படிக்கூட முடிவதில்லை; இருட்டில் தொடங்கி இருட்டிலேயே நின்றுவிடுகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். உங்கள் வாயில் சொந்த வார்த்தை வராதபோது இவற்றில் ஒன்றைச் சத்தமாக வாசித்துவிட்டு எழுந்துவிடுங்கள். அது போதும். அதுவும் முடியாத நாளுக்காகத்தான், ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் எழுதி வைத்திருக்கிறார் (ரோமர் 8:26).

காத்திருப்பதை விட்டுவிடலாமா?

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் ஒன்றாகக் கலந்திருக்கிறது. திருமண ஆசை ஒன்று. கடவுள்மேல் உள்ள நம்பிக்கை மற்றொன்று. ஆசை நல்ல ஆசை. அதை வைத்துக்கொள்ளுங்கள், கேளுங்கள், தக்க வழிகளில் தேடவும் செய்யுங்கள். ஆனால் விசுவாசிகள் எல்லாருக்கும் திருமணம் நடக்கும் என்று வேதம் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நானும் உங்களுக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தால் நானும் தேதி சொன்ன அந்த ஊழியரின் வரிசையில் போய் நிற்பேன். ‘நிச்சயம் நடக்கும்’ என்று அடித்துச் சொல்வதுதான் நம்பிக்கை என்று உங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று வாலிபர்கள் அப்படிப் பேசவில்லை. எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்றார்கள். உடனே, விடுவிக்காமற்போனாலும் ராஜா நிறுத்திய சிலையை நாங்கள் வணங்க மாட்டோம் என்றார்கள் (தானியேல் 3:17, 18). ‘போனாலும்’ என்று சொன்னதால் அவர்கள் விசுவாசம் குறைந்துபோனதாக யாரும் சொன்னதில்லை.

கிறிஸ்தவ நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது என்று பேதுருவிடம் கேட்டால், இயேசு மரித்தோரிலிருந்து எழுந்ததன்மேல் என்கிறார் (1 பேதுரு 1:3). இது ஏற்கெனவே நடந்து முடிந்தது. நீங்கள் மணமுடித்தாலும் முடிக்காவிட்டாலும் அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ‘திருமணம் இல்லாவிட்டால் என்ன, பரலோகம் இருக்கிறதே’ என்று யாராவது உங்கள் துக்கத்தை ஒரே வாக்கியத்தில் ஒதுக்கித் தள்ளினால் எனக்குக் கோபம் வரும். நான் சொல்வது அதுவல்ல. நெடுங்காலமாய்க் காத்திருக்குதல் இருதயத்தை இளைக்கப்பண்ணும் என்று நீதிமொழிகளே ஒத்துக்கொள்கிறது (13:12). இளைத்த இருதயத்தோடும் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் இடம் வேண்டும், அந்த இடம் ஒரு தேதியாகவோ ஒரு வரனாகவோ இருந்தால் தாங்காது என்பதற்காகச் சொல்கிறேன். தேதிக்காகக் காத்திருப்பதை விட்டுவிடுங்கள். கர்த்தருக்குக் காத்திருப்பதை விட வேண்டாம்.

அம்மாவிடம் வாதம் செய்து ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அவரும் எட்டு வருடமாகக் காத்திருக்கிறார். அவருடைய பயம்தான் விசுவாச வார்த்தைகளில் வெளிவருகிறது. ஒரு மாலை அவரோடு உட்கார்ந்து எரேமியா 29ஐ முதல் வசனத்திலிருந்து 14 வரை சேர்ந்து வாசியுங்கள். விளக்கம் சொல்ல வேண்டாம். பிறகு, “அம்மா, நான் தூங்கி இரண்டு மாதம் ஆகிறது” என்று சொல்லுங்கள். அவருக்கு இது இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன்.

இந்த மாதத்துக்கான வரிசை இதுதான். முதல் வாரம் மருத்துவர். தங்கையோ தோழியோ கூட வரட்டும். தனியாகப் போனால் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுவீர்கள். அதே வாரத்தில் மூப்பரிடம் கேள்விகளைக் கொடுத்துவிட்டு, ‘பதில் வந்தபின் பேசலாம், ஆறு வாரம் முடியாது’ என்று அப்பாவைச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாம் வாரம் அலுவலகத்தில் சேரும் தேதியைத் தள்ளித் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். தருவார்கள் என்றால், மருத்துவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மாத முடிவுக்கு முன் உங்கள் பதிலை அனுப்புங்கள். தரமாட்டார்கள் என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது உங்கள் தூக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் நான் பதில் சொல்ல முடியும்.